கொழும்பை அடித்துவிட்டுத் திரும்பிய கடற்படை

1942ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆம் திகதி, உயிர்த்த ஞாயிற்றுப் பெருநாளன்று, கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்க மக்கள் பூசைக்குப் போவதும் மீள்வதுமாயிருந்த காலை வேளையில், ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்களினின்றும் எழுந்த ஏறக்குறைய 125 யப்பானிய விமானங்கள் நகரத்தின்மீது வந்து பாய்ந்தன. வடக்கே துறைமுகமும் தெற்கே இரத்மலானை விமானத் தளமும் இலக்குகளாயிருக்க, அவ்விரண்டுக்கும் இடையே கடலோரமாய்க் கிடந்த வெள்ளவத்தைவாசிகளுக்கு, அதுவரை பத்திரிகையில் மாத்திரம் படித்த மகாயுத்தம் கூரைக்கு மேலே கேட்கும் இரைச்சலாயிற்று.

தளபதி நகூமோ தேடி வந்தது பிரித்தானியரின் கீழைக் கடற்படையை. அதுவோ, ஏப்ரல் முதலாம் திகதியளவில் தாக்குதலை எதிர்பார்த்துக் காத்திருந்து சலித்து, எண்ணெயும் நீரும் நிரப்பிக்கொள்ளும் பொருட்டு மாலைதீவின் தென்கோடியிலுள்ள அட்டுவுக்குப் போய்விட்டது. கொக்கலையிலிருந்து பறந்த கனேடிய விமானி பேர்ச்சல், முதல் நாளே பகைக் கப்பல்களைக் கண்டு, தாம் சுட்டு வீழ்த்தப்படுமுன் செய்தி அனுப்பியிருந்தார். துறைமுகத்துக் கப்பல்களிற் பலவும் முன்கூட்டியே வெளியேற்றப்பட்டிருந்தன. இரத்மலானையில் ஹரிக்கேன் விமானங்கள் தாக்குதலின் நடுவிலேயே மேலெழ நேர்ந்தது. கறுவாத்தோட்டத்தில் குதிரைகள் ஓடிய பந்தய மைதானமும் ஓர் ஓடுபாதையாக மாறியிருந்ததை யப்பானியர் அறிந்திலர். ஆயினும் தெனிடோஸ், ஹெக்டர் என்னும் கப்பல்கள் துறைமுகத்திலும், டோர்செட்ஷயர், கோர்ன்வால் என்பன ஆழ்கடலிலும் அன்றே அழிந்தன. 9ஆம் திகதி திருகோணமலை தாக்குண்டது. மட்டக்களப்புக் கடலில் ஹெர்மிஸ் என்னும் கப்பல் மூழ்கியது.

யப்பானியர் திரும்பி வந்து கரையிறங்குவர் என்று அஞ்சிய கொழும்பு மக்கள் யாழ்ப்பாணத்துக்கும் கண்டிப் பக்கத்துக்கும் மூட்டை முடிச்சுகளோடு புறப்பட்டனர். அவர்களுடைய அச்சம் நியாயமானதே; யப்பானியக் கடற்படையினருள் இலங்கையைக் கைப்பற்ற வேண்டுமென்ற யோசனை அவ்வாண்டின் தொடக்கத்தில் எழுந்ததுண்டு. சீனத்தில் சிக்கியிருந்த தரைப்படையோ, அதற்குச் சேனை தர மறுத்தது. மலாயாவும் யாவாவும் வீழ்ந்தபின் நேச நாடுகளுக்கு எஞ்சிய இறப்பரிற் பெரும்பங்கு இத்தீவிலிருந்தே போயிற்று; எகிப்துக்கும் பாரசீகத்துக்கும் செல்லும் கடல்வழிகளைக் காப்பதற்கும் இது நிலைக்களமாயிருந்தது. பெர்லினில் அவ்வாண்டு ஜனவரி 18இல் கூடிய அச்சு நாடுகள், கிழக்குத் தீர்க்கரேகை 70 பாகையை எல்லையாக வைத்துப் போர்க்களத்தைப் பங்கு பிரித்துக்கொண்டன. அந்த ரேகைக்கு மேற்கேயும் கிழக்கேயும் நின்று ஒரே பகைவனை நெருக்குதற்கு ஒரு பொதுத் திட்டத்தை மட்டும் அவை வகுக்கவேயில்லை. சேர்ந்து போர் தொடுத்தவர்கள் சேர்ந்து சிந்திக்கவில்லை என்பதே அவர்களுடைய தவறுகளுக்கெல்லாம் தாயான தவறு.

நகூமோ பசிபிக்குக்குத் திரும்பினார். கொழும்பைத் தாக்க வந்த ஐந்து விமானந்தாங்கிகளுள் அக்காகி, சோர்யு, ஹிர்யு என்னும் மூன்றும், இரண்டே மாதங்களில், யூன் 4ஆம் 5ஆம் திகதிகளில், மிட்வேக் கடலின் அடியிற் போய்ச் சேர்ந்தன.