பழி ஓரிடம்

லினக்ஸ் போட்ட மடிக்கணினியில் டெர்மினலைத் திறந்து டிமெஸ்ஜி என்று தட்டினால், கணினி எழுந்ததிலிருந்து, இயங்குதளத்தின் கருவான கெர்னல் முணுமுணுத்ததெல்லாம் வரிசையாக ஓடும். நடுவே சில வரிகள் சதுர அடைப்புக்குள் 'ஃபர்ம்வேர் பக்' என்ற முத்திரையோடு நிற்கும். முதல்முறை பார்ப்பவருக்கு வயிற்றைக் கலக்கும். உண்மையில் அது கெர்னல் தன்மேல் விழுந்த பழியைத் துடைத்துக்கொள்ளும் வரி. அந்த இரண்டு சொல் பிறந்தது 2008இல். விதை விழுந்தது 1996இல்.

அந்த வருஷம் டிசம்பரில் இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா மூன்றும் சேர்ந்து ஏசிபிஐ என்ற விதிமுறையை வெளியிட்டன. மூடியைச் சாத்தினால் தூங்குவது, விசிறி எப்போது சுற்றுவது, பேட்டரியில் எவ்வளவு மிச்சம் என்பதையெல்லாம் இனி இயங்குதளமே கவனிக்கும். மாடலுக்கு மாடல் மாறும் விவரத்தை மட்டும் தயாரிப்பாளர் ஒரு சின்ன நிரலாக எழுதி, கணினியோடு வரும் ஃபர்ம்வேரான பயாஸுக்குள் வைத்துவிட வேண்டும். அந்த நிரல் இருக்கும் அட்டவணைக்கு டிஎஸ்டிடி என்று பெயர். ஆக, முன்பின் தெரியாத ஒருவர் எழுதிக் கொடுத்ததை உங்கள் கெர்னல் தினமும் வாங்கி ஓட்டிக்கொண்டிருக்கிறது.

அட்டவணையின் தலைப்பு 36 பைட். அதன் கடைசி எட்டில் முதல் நான்கு, தொகுத்த கம்பைலர் யாருடையது என்று காட்டும்: எம்எஸ்எஃப்டி என்றால் மைக்ரோசாஃப்ட், ஐஎன்டிஎல் என்றால் இன்டெல். 2000களின் தொடக்கத்தில் தூக்கம், விசிறி என்று எந்தப் புகார் வந்தாலும் லினக்ஸ்காரர்கள் இந்த நான்கு எழுத்தைத்தான் முதலில் பார்ப்பார்கள், நாடி பிடிப்பதுபோல. மைக்ரோசாஃப்ட் கம்பைலருக்குத் தாராள மனசு. இன்டெலின் ஐஏஎஸ்எல் கறார் வாத்தியார். விண்டோஸில் ஓடினால் போதும் என்று அனுப்பிய டிஎஸ்டிடியைப் பிரித்து மறுபடி ஐஏஎஸ்எல்லிடம் கொடுத்தால் பிழைப் பட்டியல் நீளும்.

அடிக்கடி மாட்டியது 'வேக்' என்ற செயல்கூறு. கணினி தூங்கி எழும்போது ஓட வேண்டியது அது. விதிப்படி முடிவில் ஒரு மதிப்பைத் திருப்பித் தர வேண்டும், எழுதியவர் மறந்திருப்பார். விண்டோஸ் அதைக் கண்டுகொள்ளாது. மருந்து ஒரே வரிதான்: கடைசியில் ஒரு 'ரிட்டர்ன்' சேர்த்து, மறுபடி தொகுத்து, பயாஸ் தந்ததை விட்டுவிட்டு இதை எடுத்துக்கொள் என்று கெர்னலிடம் சொல்வது. இப்படி அடுத்தவர் நிரலை ராத்திரி கண்விழித்துத் திருத்தியவர்களில் நானும் சேர்த்தி. என் மடிக்கணினி மூடியபிறகும் தூங்காமல் பைக்குள் விழித்தே கிடக்கும். வெளியே எடுத்தால் தோசைக்கல். பார்த்தவர்கள் சொன்னது ஒன்றேதான்: "லினக்ஸ் போட்டா இப்படித்தான்."

பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

இதில் சதி தேடுவோரும் உண்டு. ஏசிபிஐயின் நீட்சிகளை விண்டோஸுக்கு மட்டுமே உரியதாக்க முடியாதா என்று 1999 ஜனவரியில் பில் கேட்ஸ் யோசித்து எழுதிய மின்னஞ்சல், பிற்பாடு அமெரிக்காவின் அயோவா மாநில வழக்கொன்றில் வெளியே வந்தது. எனக்கென்னவோ சதி வரை போகத் தேவையில்லை. விண்டோஸில் மட்டும் சோதித்துவிட்டுக் கடையைக் கட்டும் சோம்பல் போதும்.

கெர்னல் முதலில் பணிந்து பார்த்தது. திருப்பித் தரப்படாத மதிப்புக்குப் பதிலாக, கடைசியாகக் கணக்கிட்டதையே வைத்துக்கொள்ளப் பழகியது. (பழைய கறார்தான் வேண்டுமென்றால் 'ஏசிபிஐ=ஸ்ட்ரிக்ட்' என்று கொடுக்கலாம்.) அடுத்தது பொய். 'நீ விண்டோஸ் 2001ஆ? 2006ஆ?' என்று பயாஸ் கேட்கும். எக்ஸ்பிக்கும் விஸ்டாவுக்கும் அங்கே அதுதான் பெயர். லினக்ஸ் எல்லாவற்றுக்கும் கூசாமல் ஆமாம் போடும். 'நீ லினக்ஸா?' என்று கேட்டால் மட்டும், 2007இல் வந்த 2.6.23 பதிப்பிலிருந்து, பேசுவதில்லை. ஆமாம் என்றால், யாரும் சரியாகச் சோதித்திராத தனிப்பாதை ஒன்றில் பயாஸ் நம்மைத் தள்ளிவிடும்.

இத்தனைக்குப் பிறகும் பயனருக்கு ஒன்று விளங்கவில்லை: குற்றம் யாருடையது? ஒவ்வொரு டிரைவரும் தன் பாணியில் புலம்பியது. 2008இல் சூசே நிறுவனத்தில் இருந்த தாமஸ் ரெனிங்கர் ஒரு சின்னத் திருத்தத்தை (பேட்ச்) அனுப்பினார். கெர்னலில் எங்கிருந்து செய்தி போனாலும் முன்னால் ஒட்டிக்கொள்ள மூன்று முத்திரைகள்: பயாஸ் தப்பு என்று நிச்சயமானால் 'பக்', கெர்னலே குழப்பியிருக்கலாம் என்ற ஐயம் இருந்தால் 'வார்ன்', பாதகமில்லாத விநோதத்துக்கு 'இன்ஃபோ'. நிச்சயம், ஐயம், விநோதம் என்று தரம் பிரித்தாரே, அதுதான் எனக்குப் பிடித்தது. ஆத்திரத்தில் இருப்பவர் அப்படிப் பிரிக்கமாட்டார். 'பக்' முத்திரைக்குப் பக்கத்திலேயே ஒரு நிபந்தனையும் இருக்கிறது: கெர்னல் நிரலைத் திறந்து பார்க்காமலே பயாஸ் எழுதுபவருக்குப் புரியும்படி செய்தி இருக்க வேண்டும்.

ரெனிங்கர் மனதில் வைத்த வாசகர் பயாஸ் பொறியாளர். லினக்ஸைத் திறந்தே பார்த்திராதவராக இருக்கவும் கூடும். கடிதம் நம் திரையில் வந்து விழுகிறது. தபால்காரர் வேலை நமக்கு. பின்னாளில் கனானிக்கலில் காலின் இயன் கிங் எழுதிய 'ஃபர்ம்வேர் டெஸ்ட் சூட்' அந்தச் சுமையைக் குறைத்தது. கெர்னல் பதிவையும் துழாவி, அட்டவணைகளையும் சோதித்து, கண்ட குறைகளுக்குக் கடுமையின் தரமும் போட்டுக் கொடுக்கும்.

என் இப்போதைய மடிக்கணினியில் நான்கு 'ஃபர்ம்வேர் பக்' வரி இருந்தது. நகல் எடுத்துத் தயாரிப்பாளருக்கு அனுப்பினேன்; பதிலில்லை. போன மாதம் ஒரு பயாஸ் அப்டேட் வந்தது. ஏற்றிவிட்டு டிமெஸ்ஜி தட்டினேன். மூன்று வரி.