கல்லில் எழுதிய கொடைக் கணக்கு

பெருங்கொடை வழங்கியோர் பெயரையும் கொடையின் அளவையும் தொகுத்து வைத்து, வேண்டும்போது தேடி அறியும் வழக்கம் கணினி தோன்றிய பின்னரே வந்ததென்று பலர் எண்ணுகின்றனர். கொடுத்தவர் யார், பெற்ற நிறுவனம் எது, எப்பணிக்காகக் கொடுக்கப்பெற்றது என்பனவற்றை இன்று நொடிப்பொழுதில் தேடி எடுக்கலாம். ஆயினும், அத்தகைய கணக்கைத் தமிழர் ஆயிரம் ஆண்டுகட்கு முன்பே கல்லில் வெட்டி வைத்தனர். அக்கணக்கைத் தேடுவது எங்ஙனம், தேடுங்கால் எதனை மறத்தலாகாது என்பதை ஈண்டு நோக்குவோம்.

தஞ்சைப் பெருங்கோயிலைக் கட்டிய முதலாம் இராசராசன் 985 முதல் 1014 வரை ஆண்டவன். தன் 26ஆம் ஆட்சியாண்டின் 20ஆம் நாளில் அவன் ஓர் ஆணை பிறப்பித்தான். தான் கொடுத்தவற்றையும், தன் தமக்கை கொடுத்தவற்றையும், தன் தேவியர் கொடுத்தவற்றையும், பிறர் கொடுத்தவற்றையும் கோயிற் கல்லில் வெட்டுக என்பதே அவ்வாணை. வரிசை அரசனில் தொடங்கினாலும் அரசனோடு முடியவில்லை. பிறர் கொடுத்தனவும் அதே கல்லில் இடம் பெற்றன.

கணக்கின் நுட்பம் வியப்பிற்குரியது. பொன்னை ‘ஆடவல்லான்’ என்னும் கல்லாலும், மணிகளைத் ‘தட்சிணமேரு விடங்கன்’ என்னும் கல்லாலும் நிறுத்து எழுதினர். அணையா விளக்கொன்றிற்கு 96 ஆடுகள் ஒதுக்கப்பட்டன. அவற்றைப் பெற்ற இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளத்தல் வேண்டும். அவ்விடையரின் பெயர்களும் எழுதப்பட்டன. ஆடற்பணிக்கு அழைத்து வரப்பெற்ற தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரின் பெயரும், முன்பு அவர்கள் இருந்த ஊரும், தஞ்சையில் குடியேறிய தெருவும், ஆளுக்கு ஆண்டொன்றிற்கு 100 கலம் நெல் என்ற பங்கும் கல்லில் உள்ளன.

இத்துணைச் செய்தியும் நெடுங்காலம் படிப்பாரற்றுக் கிடந்தது. 1886இல் கல்வெட்டாய்வாளராக அமர்ந்த ஊல்ட்சு என்னும் செருமானிய அறிஞர் தஞ்சைக் கல்வெட்டுகளைப் படியெடுத்து, ‘தென்னிந்தியக் கல்வெட்டுகள்’ வரிசையின் இரண்டாம் தொகுதியில் பதிப்பித்தார். அறிஞர் வெங்கையா முதலியோர் அப்பணியைத் தொடர்ந்தனர். 1978இல் நொபொரு கராசிமா, எ. சுப்பராயலு, தோரு மத்சுயி ஆகிய மூவரும் சோழர் கல்வெட்டுகளில் வரும் ஆட்பெயர்களைக் கணினியின் துணையால் அகரவரிசைப்படுத்தி மூன்று தொகுதிகளாக வெளியிட்டனர். தனித்தனிக் கோயிற் சுவர்களில் சிதறிக் கிடந்த பெயர்கள் அதனால் ஓரிடத்தில் அருகருகே வந்து நின்றன.

தேடும் முறைக்கு நம் நாட்டோடு தொடர்புடைய ஒரு சான்றைக் காண்போம். மலேசிய மாணவர் ஒருவர் கடாரத்தரசன் கொடையைத் தேடப் புகுகின்றார் எனக் கொள்வோம். ‘கடாரம்’ என்ற சொல்லை மட்டும் தேடினால் அவர் ஏமாறுவார். ஆனைமங்கலச் செப்பேட்டின் தமிழ்ப் பகுதி ‘கிடாரம்’ என்கிறது. வடமொழிப் பகுதி ‘கடாகம்’ என்கிறது. மூன்றும் இன்றைய கெடாவோடு இணைத்துப் பேசப்படும் ஒரே நாட்டின் பெயர்களே. ஆகவே, ஒரு பெயரின் பல வடிவங்களையும் அறிந்து தேடுதல் முதல் விதியாகும்.

அச்செப்பேடு 21 ஏடுகளைக் கொண்டது. லெய்டன் நகரைச் சென்றடைந்தமையால் லெய்டன் செப்பேடு என்றும் பெயர் பெற்றது. மாறவிசயோத்துங்கவர்மன் தன் தந்தை பெயரால் நாகப்பட்டினத்தில் எடுத்த சூளாமணிவர்ம விகாரத்திற்கு, இராசராசன் தன் 21ஆம் ஆட்சியாண்டில் ஆனைமங்கலம் என்னும் ஊரின் வருவாயைப் பள்ளிச்சந்தமாக அளித்ததை அது கூறுகிறது. சைவப் பேரரசன் பௌத்தப் பள்ளிக்கு ஈந்த கொடை அது. முதலாம் குலோத்துங்கன் காலத்துச் சிறிய செப்பேடு, 1090ஆம் ஆண்டளவில் கடாரத்தரசனின் தூதர் வேண்டியதற்கிணங்கப் பள்ளிச்சந்த ஊர்களுக்கு வரி நீக்கியதைத் தெரிவிக்கிறது.

இவ்விரு கொடைகளையும் மட்டும் தேடி எடுத்தவர், இரு நாடுகளும் இடையறாத நட்பில் வாழ்ந்தன என்று முடிவு கட்டிவிடுவார். ஆனால், இடைப்பட்ட 1025ஆம் ஆண்டளவில் முதலாம் இராசேந்திரன் கடல் கடந்து கடாரத்தைத் தாக்கினான். தந்தையின் கொடையை நிலைபெறச் செய்தவனும் அவனே! அப்போர்ச்செய்தியும் தஞ்சைக் கோயிலிலேயே பொறிக்கப்பட்டுள்ளது. கொடை வேறாகவும் போர் வேறாகவும் தேடுவோர்க்கு வரலாறு பாதியே கிட்டும்.

இன்னொன்றும் கருதத்தக்கது. கொடைக்குரிய பொருள் எங்கிருந்து வந்தது? சேரனையும் பாண்டியரையும் வென்று கொணர்ந்த பண்டாரத்திலிருந்து கொடுத்தவை இவை என இராசராசன் கல்வெட்டுகளே மறைக்காமல் கூறுகின்றன. ஆனைமங்கலத்தின் வருவாயோ உழவர் விளைவித்த நெல். கொடுத்தவன் பெயர் ஏட்டில் நின்றது. விளைவித்தவன் பெயர் நிற்கவில்லை. தோற்றவன் இழப்பும் உழுதவன் உழைப்பும் கொடைப் பட்டியலில் தனி வரியாக வருவதில்லை.

மாணாக்கர்காள்! கல்லாயினும் கணினியாயினும் கொடைக் கணக்கு ஒன்றே. கொடுத்தவர் யார் என்று கேட்டவுடன் அது விடை தரும். எவர் பொருள், எவர் உழைப்பு, எவர் பெயர் விடுபட்டது என்னும் வினாக்களை நாம்தாம் கேட்டல் வேண்டும். சூளாமணிவர்ம விகாரம் இன்று இல்லை. அதன் கணக்கு மட்டும் எஞ்சியுள்ளது. அதனைப் போற்றுவதோடு நில்லாமல் வினவிப் படிப்பதே வரலாறு கற்போரின் கடனாகும்.