வலென்சியாவின் வாய்க்கால் மன்றம்

சட்டம் மேலிருந்து வந்தால்தான் ஒழுங்கு நிலைக்கும் என்பாருண்டு. ஸ்பெயினின் வலென்சியாவை 1238இல் வென்ற மன்னர் முதலாம் ஜைமே அவ்வாறு எண்ணவில்லை. ஓர் அரச வாய்க்கால் நீங்கலாக, துரியா ஆற்றுநீரை முஸ்லிம்கள் காலத்து வழக்கப்படியே உழவர்கள் பகிர்ந்துகொள்ள 1239இல் ஆணையிட்டார்.

விதிகளை வகுப்போர் உழவர்களே. ஆற்றில் நீர் குறைந்தால் அனைவர் பங்கும் ஒரே விகிதத்தில் குறையும். வழக்கெழுந்தால், அவர்கள் தேர்ந்தெடுத்த எட்டு வாய்க்கால்களின் பிரதிநிதிகள் வியாழன் நண்பகலில் பேராலய வாசலில் கூடி விசாரிப்பர். (முன்பு பள்ளிவாசல் இருந்த இடம் அது!) வழக்கறிஞர் இல்லை, விசாரணை வாய்மொழியே, மேல்முறையீடு கிடையாது. குற்றம் சாட்டப்பட்டவருடைய வாய்க்காலின் பிரதிநிதி தீர்ப்பில் பங்கேற்பதில்லை.

முஸ்லிம் வழித்தோன்றல்களான மொரிஸ்கோக்கள் 1609இல் வலென்சியாவிலிருந்து வெளியேற்றப்பட்டனர். நீர் வழக்கமோ நிலைத்தது. 2009இல் யுனெஸ்கோ அதனை மனிதகுல மரபுப் பட்டியலில் சேர்த்தது. மன்றம் இன்றும் கூடுகிறது.