ஒரு ஸ்பேனரும் தென் துருவமும்

எவரெஸ்ட் ஏறிய எட்மண்ட் ஹிலாரியை எல்லோருக்கும் தெரியும். அவர் டிராக்டர் ஓட்டிக்கொண்டு தென் துருவம் போன கதை பலருக்குத் தெரியாது. அது பனிக்காகச் செய்த ராட்சத வண்டியும் இல்லை. வயலில் உழுகிற குட்டி பெர்குசன் டிராக்டர்!

அயர்லாந்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்த ஹாரி பெர்குசன் வடிவமைத்த டி.இ.20 டிராக்டர், இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் 1946 முதல் 1956 வரை தயாரானது. மொத்தம் 5 லட்சத்துக்கும் மேல். 28 குதிரைத்திறன் அளவுக்குச் சின்ன இன்ஜின் தான். கலப்பையை மூன்று இடத்தில் மாட்டினால் போதும், ஹைட்ராலிக் அதைத் தூக்கும், இறக்கும். கூடவே ஒரு ஸ்பேனர் கொடுத்தார்கள். வண்டியிலும் கருவிகளிலும் அடிக்கடி கழற்றும் நட்டுகளுக்கு அது ஒன்றே போதும். அதன் மேல் அங்குலக் கோடுகள் உண்டு. கலப்பையைச் சரிசெய்ய அதுவே அளவுகோல்! விவசாயி மெக்கானிக்குக்காகக் காத்திருக்காமல் தன் கொட்டகையிலேயே பாதி வேலையை முடித்துக்கொள்ளலாம்.

இந்த எளிமைக்குப் பரீட்சை அண்டார்டிகாவில் வந்தது. 1957-ல் அமைத்த ஸ்காட் தளத்தில், அந்தக் குளிர்காலம் முழுக்க ஹிலாரி குழுவின் மர்ரே எல்லிஸும் ஜிம் பேட்ஸும் டிராக்டர்களைப் பிரித்து மேய்ந்தார்கள். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவில் இன்னொரு சக்கரம் வைத்து, மூன்றையும் சுற்றி பட்டைச் சங்கிலி போட்டார்கள். குளிர்காற்றைத் தடுக்க கேன்வாஸ் துணியில் கூண்டு கட்டினார்கள்.

1957 அக்டோபர் 14 அன்று மூன்று டிராக்டர்களும், பனிக்கென்றே செய்த 'வீசல்' என்ற வண்டியும் கிளம்பின. பனிப்பிளவில் விழுந்தால் இழுக்க, வண்டிகளைக் கயிற்றால் பிணைத்திருந்தார்கள். வழியில் வீசல் பழுதாகி, அதைக் கைவிட வேண்டியதாயிற்று. 1958 ஜனவரி 4 அன்று மூன்று டிராக்டர்களும் துருவத்தைத் தொட்டன. தரைவழியாக மோட்டார் வண்டியில் அங்கே சென்ற முதல் குழு அதுதான். ஓட்டியவர்களே பிரித்துப் பூட்டத் தெரிந்தவர்களாக இருந்தது சாதாரண விஷயமா?

இப்போது நிலைமை வேறு. புதிய டிராக்டர்கள் பலவற்றில் கணினி இருக்கிறது. பழுதைக் கண்டுபிடிக்கும் மென்பொருள் டீலரிடம் மட்டும் இருந்தால், ஸ்பேனர் வைத்திருந்தும் விவசாயி கை கட்டி நிற்க வேண்டும். அறுவடை நேரத்தில் இரண்டு நாள் காத்திருப்பது எவ்வளவு நஷ்டம்! இதை எதிர்த்து அமெரிக்க விவசாயிகள் போராடினார்கள். 2023-ல் கொலராடோ மாநிலம், விவசாய இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் உரிமைக்கு அந்நாட்டிலேயே முதலில் சட்டம் இயற்றியது. 2024 ஜனவரி 1 முதல் அது அமலில் இருக்கிறது.

பெர்குசன் பெயர் நமக்கும் புதிதில்லை. 1960-ல் சென்னையில் தொடங்கிய டாஃபே, மாஸே பெர்குசன் டிராக்டர்களைத் தான் தயாரித்தது. நம் ஊர்ப் பட்டறைகளில் எத்தனையோ பேர் தொழில் பழகியது அந்த வண்டிகளைப் பிரித்துத் தான்.

காசு கொடுத்து வாங்கிய பொருளைத் திறந்து பார்க்க முடியாவிட்டால், அதற்கு யார் முதலாளி?