மலக்குழி மரணங்களும் கவனக்குறைவு வழக்கும்: நிறுவ வேண்டிய நான்கு கூறுகள்

மலக்குழிக்குள் இறங்கிய தூய்மைப் பணியாளர் விஷவாயு தாக்கி இறந்தால், அச்சாவு பெரும்பாலும் ‘விபத்து’ என்றே பேசப்படுகிறது. எவரும் பொறுப்பாளி அல்லர் என்னும் எண்ணம் அச்சொல்லில் ஒளிந்திருக்கிறது. ஒருவரின் கவனக்குறைவால் மற்றவருக்கு நேர்ந்த கேட்டிற்கு யார் ஈடு செய்ய வேண்டும் என்பதை ஆராயும் தீங்கியல் சட்டமோ, அங்கே ஒரு பொறுப்பாளியைத் தேடுகிறது. அதற்கு வாதி நான்கு கூறுகளை நிறுவ வேண்டும்.

1. கவனக் கடமை

தம் செயலால் பாதிக்கப்படக்கூடும் என நியாயமாக முன்னுணரத்தக்க எவரிடத்தும் கவனத்துடன் நடந்துகொள்வது ஒருவரின் கடமை. 1932ஆம் ஆண்டு டோனஹ்யூ எதிர் ஸ்டீவன்சன் வழக்கில் பிரித்தானியப் பிரபுக்கள் அவை வகுத்த இக்கோட்பாட்டை இந்திய நீதிமன்றங்களும் பின்பற்றுகின்றன. பணியாளரைக் குழிக்குள் இறக்குபவருக்கு இக்கடமை உண்டென்பதில் ஐயமில்லை. ‘அவர் ஒப்பந்ததாரரின் ஆள்’ என்று உள்ளாட்சி அமைப்புகள் கைகழுவுவதே வழக்கம். ஆனால், பாதாளச் சாக்கடைத் தொழிலாளர்களின் பாதுகாப்புப் பொறுப்பிலிருந்து அரசும் அதன் முகமைகளும் விலகிக்கொள்ள முடியாது என டெல்லி ஜல் போர்டு வழக்கில் 2011இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

2. கடமை மீறல்

அந்நிலையில் விவேகமுள்ள ஒருவர் எவ்வளவு கவனம் காட்டியிருப்பாரோ அதுவே அளவுகோல். இங்கு அவ்வளவுகோலைச் சட்டமே தருகிறது. பாதுகாப்புக் கருவிகளின்றி ஒருவரைச் சாக்கடையிலோ கழிவுநீர்த் தொட்டியிலோ அபாயகரமான துப்புரவில் ஈடுபடுத்துவதை, மனிதக் கழிவுகளை மனிதரே அகற்றுவதைத் தடைசெய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டம் விலக்குகிறது. வாயுவைச் சோதிக்காதது, மூச்சுக்கருவி தராதது, மேலிருந்து இழுக்கக் கயிறும் ஆளும் வைக்காதது ஆகிய ஒவ்வொன்றும் தனித்தனி மீறலாகச் சுட்டத்தக்கது.

3. காரணத் தொடர்பு

அந்த மீறல் இல்லாதிருந்தால் மரணம் நேர்ந்திருக்குமா என்பதே கேள்வி. கழிவு தேங்கிய இடத்தில் ஹைட்ரஜன் சல்பைடு திரள்வது அனைவரும் அறிந்த உண்மை; எனவே இத்தீங்கு முன்னுணரத்தக்கது. முதலில் இறங்கியவரை மீட்கச் சென்ற இரண்டாமவரும் மூன்றாமவரும் மாண்ட நிகழ்வுகள் பல. அவர்கள் தாமாக இறங்கியவர்கள் என்று கூறித் தப்பிக்க இயலாது. ஆபத்தை உருவாக்கியவர் மீட்க வருபவரையும் எதிர்பார்த்திருக்க வேண்டும் என்பதை 1935ஆம் ஆண்டின் ஹேய்ன்ஸ் எதிர் ஹார்வுட் தீர்ப்பு நிலைநாட்டியது.

4. சேதம்

இறந்தவரின் வருவாயை நம்பியிருந்த குடும்பத்தின் இழப்பே இங்குச் சேதமாகக் கணக்கிடப்படுகிறது. உயிரிழப்பு விபத்துகள் சட்டம், 1855இன் கீழ் கணவன், மனைவி, பெற்றோர், பிள்ளைகள் ஆகியோருக்காக வழக்குத் தொடரலாம். மரண நாளிலிருந்து 2 ஆண்டுகளே அதற்குரிய காலவரம்பு.

‘அவரே சம்மதித்து இறங்கினார்’

எதிர்த்தரப்பு வழக்கமாக எழுப்பும் வாதம் இது. ஆபத்தை முழுமையாக அறிந்து, சுதந்திரமாக ஏற்றால் மட்டுமே அது இசைவாகும். தலைமுறைகளாக ஒரே தொழிலுக்குள் சாதி அடைத்து வைத்த ஒருவர், அன்றைய கூலிக்காகத் தலையசைத்ததைச் சுதந்திரமான இசைவு என்று எங்ஙனம் கொள்வது? சட்டமே தடைசெய்த பணிக்குப் பெற்ற சம்மதத்தை வேலை வாங்கியவர் கேடயமாக்கலாகாது என்று வாதிடவும் வலுவான இடமுண்டு.

நிவாரணமும் வழக்கும்

1993 முதல் நிகழ்ந்த மலக்குழி மரணங்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் வழங்குமாறு 2014இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. 2023 அக்டோபரில் பல்ராம் சிங் வழக்கில் அத்தொகையை 30 லட்சமாக உயர்த்தியது. இதைப் பெறக் கவனக்குறைவை நிறுவ வேண்டியதில்லை. ஆயினும் தொகை கிடைத்ததும் கோப்பு மூடப்பட்டால், யார் தவறிழைத்தார் என்ற கேள்வி எழாமலே போகிறது. உரிமையியல் வழக்கு அக்கேள்விக்கு விடை கோருகிறது. குற்ற வழக்கைப் போல் ஐயத்திற்கு இடமின்றி மெய்ப்பிக்க வேண்டிய சுமையும் இங்கில்லை. எது நிகழ்ந்திருக்க வாய்ப்பு மிகுதி என்று காட்டினால் போதும்.

எனவே களத்திற்குச் செல்லும் செயற்பாட்டாளர்கள் முதல் நாளிலேயே சிலவற்றைத் திரட்ட வேண்டும்: வேலைக்கு அழைத்த கைப்பேசி அழைப்பின் பதிவு, ஒப்பந்த ஆணை, குழியைச் சுற்றிக் கிடந்த பொருட்களின் நிழற்படம், உடன் பணியாற்றியோர் வாக்குமூலம், உடற்கூறாய்வு அறிக்கை, முதல் தகவல் அறிக்கையின் நகல். பட்டியல் சாதியினரும் பெண்களும் வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி பெற 1987ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம் உரிமை அளிக்கிறது. மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகும் குடும்பத்தினர் அந்த ஆவணங்களையும் உடன் கொண்டுசெல்வது நலம்.