செரிவாஸ்டேட்டின்

ஜெர்மனியின் பாயர் நிறுவனம் தயாரித்த, ஸ்டேட்டின் வகையைச் சேர்ந்த கொலஸ்ட்ரால் குறைப்பு மாத்திரை. அமெரிக்காவில் பேகால், ஐரோப்பாவில் லிப்போபே என்னும் பெயர்களில் விற்றது. 1997இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இம்மருந்து, தசைகளைச் சிதைத்து உயிரைப் பறித்ததால் 2001 ஆகஸ்ட் 8 அன்று சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது.

ஸ்டேட்டின் வகை மருந்துகளால் தசை பாதிக்கப்படலாம் என்பது முன்பே தெரிந்ததுதான். முதலில் விற்பனைக்கு வந்த லோவாஸ்டேட்டினுக்கு 1987இல் அனுமதி கிடைத்தது. அடுத்த ஆண்டே, இதய மாற்று அறுவைக்குப் பின் சைக்ளோஸ்போரினுடன் அதைச் சேர்த்து உட்கொண்டவர்களிடம் ராப்டோமயோலிசிஸ் எனும் கடும் தசைச் சிதைவு காணப்பட்டது. தசைநார்கள் உடையும்போது அவற்றிலுள்ள மயோகுளோபின் என்னும் புரதம் ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைத் தாக்கும். உடல் வலியும் தளர்ச்சியும் கூடும், சிறுநீர் கறுத்துப்போகும். ரத்தத்தில் கிரியேட்டின் கைனேஸ் என்னும் தசை நொதி பன்மடங்கு உயரும். சிறுநீரகம் செயலிழந்தால் டயாலிசிஸ் வரை போக நேரும்.

செரிவாஸ்டேட்டினில் இந்த ஆபத்து மிகப் பெரிதாக இருந்தது. ரத்தக் கொழுப்புக்குத் தரப்படும் ஜெம்ஃபைப்ரோசிலுடன் சேர்த்துக் கொடுத்தபோது அது உச்சத்தைத் தொட்டது. ஸ்டேட்டினை உடலிலிருந்து கழிக்கும் வழிகளை ஜெம்ஃபைப்ரோசில் அடைப்பதால், ரத்தத்தில் செரிவாஸ்டேட்டினின் அளவு ஐந்து மடங்குக்கும் மேல் ஏறியது. இரண்டையும் சேர்த்துத் தரக்கூடாது என்று அமெரிக்க மருந்துக் குறிப்பில் 1999இலேயே சேர்க்கப்பட்டும், மருத்துவர்கள் அப்படி எழுதித் தருவது நிற்கவில்லை. அச்சிட்ட எச்சரிக்கையை மட்டும் நம்பியதே இந்த வரலாற்றின் பெரும் பிழை. போதாக்குறைக்கு, 2000இல் 0.8 மில்லிகிராம் என்னும் உயர் அளவு மாத்திரையும் அங்கே அனுமதி பெற்றது.

திரும்பப் பெற்ற வேளையில், அமெரிக்காவில் மட்டும் 31 மரணங்கள் பதிவாகியிருந்தன. இறந்தவர்களில் 12 பேர் ஜெம்ஃபைப்ரோசிலையும் உட்கொண்டவர்கள். ஜெம்ஃபைப்ரோசில் விற்பனையில் இல்லாத ஜப்பானில் அந்த மாதம் சற்றுப் பிந்தித்தான் மருந்து நிறுத்தப்பட்டது. சாவில் முடிந்த தசைச் சிதைவு மற்ற ஸ்டேட்டின்களைவிடப் பல மடங்கு அதிகம் பதிவானதாக 2002இல் வெளியான ஆய்வு காட்டியது.

அதன்பின் மற்ற ஸ்டேட்டின்கள் மீதும் கவனம் கூர்மையானது. கல்லீரலுக்குள் மருந்து நுழையும் வழியைக் குறுக்கும் ஒரு மரபணு மாற்றம், சிம்வாஸ்டேட்டினை 80 மில்லிகிராம் அளவில் உட்கொள்பவர்களுக்குத் தசைப் பாதிப்பைக் கூட்டுவது 2008இல் தெரிந்தது. அந்த அளவைப் புதிதாக யாருக்கும் தொடங்க வேண்டாம் என்று அமெரிக்க மருந்து ஆணையம் 2011இல் அறிவித்தது. ஸ்டேட்டின் உட்கொள்பவர்கள் சொல்லும் தசைவலியில் பெரும்பகுதிக்கு மாத்திரை காரணமல்ல என்று 2022இல் வெளியான பெருந்தொகுப்பாய்வு கண்டது. உண்மையான தசைச் சிதைவு மிக அரிது. ஆனால் சிறுநீர் கறுத்தால் ஒரு நாளும் காத்திருக்கக் கூடாது.