நோய்க்கும் ஒரு கணக்கு உண்டு



தோட்டப் பள்ளியில் கணக்குப் பாடம் நடத்தும் எங்களிடம், “இதைப் படித்து என்ன பயன்?” என்று மாணவர்கள் கேட்பதுண்டு. கணக்கு உயிர் காத்த வரலாறு ஒன்று நாம் வாழும் சிலாங்கூர் மண்ணிலேயே இருக்கிறது. அதனை இன்று காண்போம்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தமிழகத்திலிருந்து கப்பலேறி வந்த நம் முன்னோரை மிகவும் வாட்டியது மலேரியா என்னும் குளிர்காய்ச்சல். 1901 இல் கிள்ளானிலும் அதன் துறைமுகத்திலும் காய்ச்சலால் மட்டும் 368 பேர் மாண்டனர். அவ்வாண்டு அங்கே அரசு மருத்துவராகப் பொறுப்பேற்றவர் டாக்டர் மால்கம் வாட்சன்.

மலேரியாக் கிருமி கொசுவின் உடலில் வளர்வதை 1897 இல் செகந்தராபாத்தில் டாக்டர் ரொனால்ட் ராஸ் கண்டறிந்திருந்தார். அதனை அறிந்திருந்த வாட்சன் சதுப்பு நீரை வடியச் செய்தார். மறு ஆண்டில் காய்ச்சல் மரணம் 59 ஆகக் குறைந்தது.

கொசுக்கள் அடியோடு ஒழிந்துவிட்டனவா? இல்லை. பின் நோய் எப்படித் தணிந்தது? மொரீசியஸ் தீவின் மலேரியாவை ஆராய்ந்த ராஸ், 1908 இல் அதற்குக் கணக்கின் வழியே விடை தந்தார்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். ஒரு நோயாளியிடமிருந்து கொசுக்கள் வழியாக இருவருக்கு நோய் பரவுகிறது என்று வைத்துக்கொள்வோம். இருவர் நால்வராவர்; பத்தாம் சுற்றில் 1,024 பேராவர். கொசுக்களை ஐந்தில் இரண்டு பங்காகக் குறைத்தால், 100 நோயாளிகளிடமிருந்து 80 பேருக்கே பரவும். 80 பேர் 64 ஆவர். நோய் தானே தேய்ந்து போகும். ஆகவே கடைசிக் கொசு வரை தேடி அலைய வேண்டியதில்லை. ஓர் எல்லைக்குக் கீழே இறக்கினால் போதும். இதுவே ராஸ் கண்ட உண்மை.

ஆனால் எந்தக் கொசுவைக் குறைப்பது? கோல சிலாங்கூர் போன்ற கடலோரச் சமநிலத்தில், நிழல் படிந்த சதுப்பில் வளரும் கொசு நோயைப் பரப்பியது. காட்டை வெட்டி வடிகால் தோண்டியதும் அது குறைந்தது. மேட்டு நிலத் தோட்டங்களிலோ, வெயில் படும் தெளிந்த ஓடையில் வேறொரு கொசு வளர்ந்தது. அங்கே காட்டை வெட்டியதால் காய்ச்சல் கூடியது! வாட்சன் அங்கு நிலத்தடிக் குழாய்களில் நீரைச் செலுத்தியும், எண்ணெய் தெளித்தும் அதனை அடக்கினார். மருத்துவர் வழி சொன்னார். மண்வெட்டி பிடித்தவர்கள் தொழிலாளர்களே.

இதே எல்லைக் கணக்கு இன்று நம் உடலுக்குள்ளும் புகுந்துள்ளது. கிருமிகளை எதிர்க்கும் காவல் அணுக்கள், சிலருக்குச் சொந்த உடலையே தாக்குகின்றன. லூபஸ் என்னும் நோய் அத்தகையது. அவற்றை அடக்கிவைக்கும் அணுக்களும் நம்மிடம் உண்டு என்பதை 1995 இல் ஜப்பானிய அறிஞர் ஷிமோன் சகாகுச்சி காட்டினார். 2025 இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். தாக்குவனவும் அடக்குவனவும் எந்த எல்லையில் சமநிலை இழக்கும் என்பதை அறிஞர்கள் சமன்பாடுகளால் ஆராய்ந்து வருகின்றனர். கொசுவைப் போலவே இங்கும் கேள்வி, ‘இருக்கிறதா?’ என்பதன்று, ‘எவ்வளவு?’ என்பதே.

நேயர்களே, 2018 முதல் மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவும் மலேரியா உள்நாட்டில் தோன்றவில்லை என்னும் நிலையை மலேசியா எட்டியது. எனினும் காட்டுக் குரங்குகளிடமிருந்து கொசு வழியாக வரும் மலேரியா இன்னும் இருக்கிறது. டெங்கிக் காய்ச்சலும் நம்மை விட்டபாடில்லை. வீட்டுப் பின்புறத்தில் நீர் தேங்கிய ஒரு தகர டப்பாவைக் கவிழ்ப்பதால் என்ன ஆகிவிடும் என்று எண்ண வேண்டாம். ஒவ்வொரு வீட்டாரும் கவிழ்த்தால், கொசுக்களின் எண்ணிக்கை அந்த எல்லைக்குக் கீழே இறங்கக்கூடும். அந்தக் கூட்டல் கணக்கில் நம் ஒவ்வொருவர் கையும் ஓர் எண்ணாகும்.